தென்கரைக் கிண்ணத்தின் கடைசிச் சனிக்கிழமை

பாபகூராவுக்கு அப்பால் இருந்த அந்த கோல்ஃப் கழகத்தை வீடு கட்டி விற்கிறவர்கள் வாங்கிவிட்டார்கள். புல்வெளியில் கட்டை அடித்துக் கயிறும் கட்டியாயிற்று. மூடுவதற்கு முன் எல்லோருமாக ஒரு மத்தியானச் சாப்பாடு என்று அழைப்பு வந்தது. புஷ்பவதி ரோல்ஸ் பொரித்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"ஏலாட்டி விடும். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றார் கணவர் தவராசா.

"நான் வராட்டி, சின்னையாத் தம்பி அந்தக் கதையை உப்புப் புளி போட்டெல்லோ சொல்லுவார்."

எந்தக் கதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தென்கரைக் கிண்ணம் என்று ஒரு போட்டி அங்கே நடந்தது. பெரிய பந்தயங்களில் இடம் கிடைக்காத இளம் தொழில்முறை ஆட்டக்காரர்கள், என்றைக்காவது மேலே போகலாம் என்று ஊர் ஊராய் அலைந்து ஆடுகிற சின்னச் சுற்று ஒன்று உண்டு. அதில் இதுவும் ஒன்று. டயர் கடைக்காரர் ஒருவர் ஆதரவு கொடுத்துத் தொடங்கி வைத்தது. ஹோட்டலில் தங்க வசதியில்லாத பிள்ளைகளைச் சுற்றுவட்டார வீடுகள் ஆளுக்கொருவராகப் பொறுப்பெடுக்கும். மனுரேவாவில் புஷ்பவதி வீட்டுக்கு வருஷா வருஷம் வந்தவன் லீயம், நாட்டின் தெற்குத் தீவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளை. புட்டையும் சம்பலையும் மூக்கு ஒழுக ஒழுகத் தின்பான். போதும் என்று சொல்லமாட்டான்.

கடைசி வருஷம் லீயம்தான் முன்னுக்கு நின்றான். சனிக்கிழமை இறுதிச் சுற்று. சனிக்கிழமை காலையில் ராகுகாலம் வரும். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது. கலண்டரில் போட்டிருந்த நேரம் முடிய, பொடியன் மட்டைப் பையைத் தூக்கினான். புஷ்பவதி வாசலை மறித்தாள்.

"கோடையெண்டு மணிக்கூட்டை இங்கை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறாங்கள். சூரியனுக்கு அது தெரியுமே? ராகுகாலம் இன்னும் முடியேல்லை."

"கலண்டரிலை இருக்கிறதுதானப்பா கணக்கு" என்றார் தவராசா.

"அதை அடிச்சவன் இங்கத்தைக் கோடையைக் கண்டவனே?"

இரண்டு பேரும் வாதாடி முடியும்வரை லீயம் மரியாதைக்கு இருந்து இன்னும் கொஞ்சம் புட்டுத் தின்றான். பிறகு பார்த்தால் நெடுஞ்சாலை முழுக்க வாகனம். கழகத்தில் பேர் கூப்பிட்டபோது ஆளில்லை. பிந்தி வந்ததற்குத் தண்டனையாக அவன் கணக்கில் இரண்டு அடி கூட்டினார்கள். கோல்ஃபில் குறைய அடித்தவன்தான் வெல்வான். லீயம் ஒரே ஓர் அடியால் தோற்றான்.

அடுத்த வருஷத்துக்குள் டயர் கடை பூட்டுப்பட்டது, போட்டியும் படுத்துவிட்டது. லீயம் எங்கெங்கோ போய் ஆடிப் பார்த்துவிட்டு, இப்போது வெஸ்ட்கேட்டில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் நிற்கிறான்.

சாப்பாட்டன்று, கழகச் செயலாளர் சின்னையாவைப் புஷ்பவதி வாசலிலேயே பிடித்தாள். அவர் மலேசியாக்காரர், வாய் ஓயாத மனிதர்.

"தம்பி, இண்டைக்கு ராகுகாலக் கதை வேண்டாம். பொடியனும் வாறான்."

"அதை விட்டா இந்தப் போட்டிக்கு வேற என்னக்கா கதை இருக்கு? டயர் விளம்பரமா?"

"ஒவ்வொரு கிறிஸ்மஸ் விருந்திலையும் நீங்கள் சொல்ல, சனம் என்னைப் பாத்துச் சிரிக்க, நானும் சேந்து சிரிக்க... களைச்சுப் போனன் தம்பி."

சின்னையா அவள் முகத்தைப் பார்த்தார். "சரிக்கா. சொல்லல."

சொன்ன சொல் காப்பாற்றினார். போட்டி தொடங்கியது, மழையில் கூடாரம் பறந்தது எல்லாம் சொல்லி, "கடைசி வருஷம் நம்ம லீயம் ஓர் அடியால் இரண்டாவது" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டார். சனம் கைதட்டியது. புஷ்பவதி மூச்சு விட்டாள். ஆனால் முன்முடி கொட்டி நெற்றி ஏறிப்போயிருந்த லீயம் கையில் எடுத்த ரோல்ஸைக் கடிக்காமலே விறாந்தைக்குப் போனான். அவளும் பின்னால் போனாள்.

"ஆன்ட்டி, உங்கள் சூரியனை ஏன் விட்டுவிட்டார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

கயிறு கட்டிய புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கடைசிக் குழிக்கும் பந்துக்கும் ஒரு முழம்கூட இல்லை, ஆன்ட்டி. தட்டிவிட்டால் விழும். நான் தவறவிட்டேன். விழுந்திருந்தால் சமன், திரும்ப ஆடியிருக்கலாம். அதை ஒருவரும் கேட்பதில்லை. கடையில் எவராவது கிண்ணத்தை ஏன் விட்டாய் என்றால் உங்கள் சூரியனைச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்தபிறகு மேலே ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

தன்னைக் குத்திக் குத்தி நோகடித்த சிரிப்புக்குப் பின்னால்தான் இந்தப் பிள்ளை இத்தனை காலமும் ஒளிந்திருக்கிறான் என்று புஷ்பவதிக்கு விளங்கியது. இந்த வயதில் இன்னும் எதையெல்லாம் சுமக்கிறது என்று மனம் முனகியது. முனகிக்கொண்டே உள்ளே போனாள்.

"சின்னையாத் தம்பி, ஒண்டை விட்டிட்டியள்."

"நீங்கதானேக்கா வேணாம்னு..."

"இப்ப சொல்லச் சொல்லுறன். வடிவாச் சொல்லுங்கோ. நான் வாசலை மறிச்சதையும் சொல்லுங்கோ."

சின்னையா சொன்னார், கையைக் காலை ஆட்டிச் சொன்னார். மண்டபம் குலுங்கியது. "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று தவராசா வேறு எழும்பி நின்றார். கதவடியில் லீயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் புஷ்பவதியில்தான்.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, கண்ணைத் துடைத்தபடி, உண்மையில் அந்தக் கெட்ட நேரம் முடிந்திருந்ததா என்று கேட்டாள்.

புஷ்பவதி முழங்காலைத் தடவிக்கொண்டு மெல்ல இருந்தாள்.

"இல்லை, முடியேல்லை" என்று அடித்துச் சொன்னாள்.