நடுவில் கதவுள்ள இரண்டு அறைகள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரிசனம், உள்ளொளி, தூக்கத்தில் உலுக்கி எழுப்பிய ஒற்றை வரி என்று எந்த மகத்துவமும் இதற்குக் கிடையாது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டாள்.

"டேய், நீதானே ஹோட்டலப் பத்தியெல்லாம் எழுதறவன்? கடலோரத்துல அந்தப் பெரிய தீம் பார்க் இருக்குல்ல, அது பக்கத்துல நல்லதா ஒண்ணு பாத்துக் குடு. சுண்டெலிக்கு லீவு விட்டாச்சு."

சுண்டெலி அவளுடைய மகள். நான்காம் வகுப்பை முடித்துவிட்டு, ராட்சத ராட்டினம் ஒன்றைத் தவிர உலகில் வேறெதிலும் அக்கறை இல்லாமல் இருப்பவள்.

என் பிழைப்பு இதுதான்: விடுதிகளில் அறை பதிவு செய்யும் ஓர் இணையதளத்துக்கு வர்ணனை எழுதிக் கொடுப்பது. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளில் ஒன்றைக்கூட அக்கா படித்ததில்லை. விடுதி வர்ணனைகளை மட்டும் விடாமல் படிப்பாள். "அதுலதான்டா நீ மனசார எழுதற" என்பாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, எழுதுவதையே விட்டுவிடுவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

[ஒரு விளக்கம். "கடற்கரைக்கு நடை தூரம்" என்று நான் எழுதியிருந்தால், அது நடப்பவரைப் பொறுத்தது. "அமைதியான சூழல்" என்றால் அங்கே பேருந்து போகாது. "கடல் தெரியும் அறை" என்றால் கடல் கட்டாயம் தெரியும், குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால். இவற்றில் எதுவும் பொய் இல்லை.]

நுரையைத் துப்பிவிட்டு, "எத்தனை ரூம் வேணும்?" என்று கேட்டேன். தொழில் பழக்கம். எல்லாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.

அக்கா சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "ரெண்டு" என்றாள். "நடுவுல கதவு இருக்குமில்ல, அந்த மாதிரி."

அக்காவும் அத்தானும் பிரியப்போகிறார்கள் என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டை மறைக்காமல் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

"அலைகள் கரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதுபோல அவர்கள் இருவரும்"

[நிறுத்திவிட்டேன். கடலைப் பார்த்ததும் உறவுகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் ஆட்களை எனக்கே பிடிக்காது.]

"நகரின் மையப்பகுதியில், சகல வசதிகளுடனும் அமைந்துள்ள இந்தத் தம்பதியர்"

[கை தானாக எழுதியது. மன்னிக்கவும்.]

"குழந்தைக்கு இன்னும் தெரியாது."

இதுதான் சரியான வரி. ஆனால் இதை எழுதியதும் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் மூடிவிட்டு வந்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

விஷயம் என்னவென்றால், சுண்டெலிக்குச் சொல்லத்தான் இந்தப் பயணமே. இருவரும் குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். குழந்தை சந்தோஷமாக இருக்கும் இடத்தில், அம்மா அப்பா இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனைதான். ராட்டினத்திலிருந்து இறங்கிய பிள்ளைக்குத் தலை ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும், இதுவும் அதோடு சேர்ந்து போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

3

இப்போது அத்தான். கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் வேலை சுலபம். அத்தானை அந்த இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

"அத்தான் அன்றைக்கும் குடித்துவிட்டு" [சோடாகூடக் குடிக்காத மனிதர்.]

"அத்தானின் கைபேசியில் வந்த அந்தப் பெண்ணின்" [அவர் கைபேசியில் வருவதெல்லாம் நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள்ளிருந்து கூப்பிடுபவர்கள்தான்.]

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்ட்டின் சத்தத்தைத்தான் கேட்பார். அக்கா பிசியோதெரபிஸ்ட். யார் வீட்டுக்குப் போனாலும் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் யாருக்கு முதுகுவலி என்று சொல்லிவிடுவாள். இவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. கேட்டேன்.

"பேசினா சண்டை வருதுடா" என்றாள் அக்கா. "பேசாம இருந்தா அதவிடப் பெரிய சண்டை."

அத்தானைத் தனியாகக் கூப்பிட்டபோது, அவர் பேச்சை விடுதிக்கே கொண்டுபோனார்.

"ரெண்டு ரூம் சரிதான் மச்சான். ஆனா நடுவுல கதவெல்லாம் வேணாம். வேற வேற மாடியில போடு."

"ஏன் அத்தான்?"

"கதவுன்னு ஒண்ணு இருந்தா, யார் முதல்ல தாழ்ப்பாள் போட்டதுன்னு ஒரு பேச்சு வரும். எதுக்கு வம்பு?"

[இன்னொரு விளக்கம். விடுதிகளில் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருப்பது ஒரு கதவல்ல. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கதவுகள். இந்த அறைக்காரர் தன் பக்கத்துக் கதவையும், அந்த அறைக்காரர் தன் பக்கத்துக் கதவையும் திறந்தால்தான் வழி. ஒருவர் மட்டும் திறந்தால் எதிரே மூடிய பலகைதான் தெரியும். இது உவமை அல்ல, விடுதித் தொழிலின் நடைமுறை. வாசகர் உவமையாக எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.]

4

கதையை ஒதுக்கி வைத்துவிட்டு விடுதி தேடினேன். பார்க்கைச் சுற்றி விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. நல்லவையாகச் சில தேறின.

முதலாவது, பார்க் வாசலுக்கு எதிரிலேயே. சுவர் முழுக்கக் கோமாளிப் படம். அக்காவுக்குப் படங்களை அனுப்பினேன்.

"மெத்தையப் பாத்தியா, நடுவுல குழி விழுந்திருக்கு. அதுல மூணு நாள் படுத்தா நானே என்கிட்ட வைத்தியத்துக்கு வரணும்."

இரண்டாவது, கடலைப் பார்த்தபடி. நடுக்கதவு உண்டு. மேலாளரிடம் பேசினேன், கதவு இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அலமாரியை நிறுத்தியிருக்கிறோம் என்றார். "யாரும் கேக்கறதில்ல சார்." அத்தான் அலமாரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. லிஃப்ட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என் எதிரிகூட ஏறக்கூடாது" என்றார்.

மூன்றாவதில் மெத்தை சரி, லிஃப்ட்டும் சரி. அக்காவுக்குப் பிடித்தது என்று தெரிந்ததும் அத்தானுக்குப் பிடிக்காமல் போயிற்று. அத்தானுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அக்கா அதற்காகவே பிடிவாதம் பிடித்தாள். பிறகு அவளுக்கே அலுத்துவிட்டது. அவர் சொல்வதை இவளிடமும், இவள் சொல்வதை அவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே என் முழுநேர வேலையாயிற்று. அவர்கள் இருப்பது ஒரே வீட்டில் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் அக்கா எண்ணிலிருந்து சுண்டெலி பேசினாள்.

"மாமா, ரெண்டு ரூமா போடறீங்க?"

"ஆமா கண்ணு. பெருசா, ஜாலியா இருக்கும்."

"அப்ப நான் யார் ரூம்ல படுக்கறது?"

"நடுவுல கதவு இருக்கும்டா. மாத்தி மாத்திப் படுத்துக்கலாம்."

"கதவத் திறந்தே வெச்சிருப்பாங்களா?"

வர்ணனை எழுதியே வயிறு வளர்ப்பவன் நான். "ராட்டினம் எவ்வளவு உயரம் தெரியுமா" என்று எதையோ சொல்லி மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேறெதுவும் ஓடவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்ததை வைத்துக்கொண்டு, யார் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கிறது.

5

ஆகவே, கைவசம் இருந்த ஒரே வழியைக் கையாண்டேன். இல்லாத விடுதி ஒன்றைக் கதையில் கட்டினேன்.

"பார்க்கிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலையின் திருப்பத்தில், வேப்பெண்ணெய் நிறச் சுவர்களோடு நிற்கிறது இந்தப் பழைய விடுதி. வரவேற்பில் இருக்கும் அம்மாள் எத்தனை அறை என்று கேட்பதில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார். லிஃப்ட் கம்பிக்கதவு போட்டது. மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் தரையோடு தரையாக, ஒரு விரற்கடை பிசகாமல் நிற்கும். மேல்மாடி மூலை அறையில் ஒரே சுவரை ஒட்டி மூன்று கட்டில்கள். கெட்டியான பஞ்சு மெத்தை, அமுக்கினால் கை உள்ளே போகாது. ஒரு ஜன்னலில் கடல். இன்னொன்றில் ராட்டினத்தின் உச்சி. நடுக்கட்டிலில் படுப்பவருக்கு இரண்டும் தெரியும். காலை உணவு எப்போது எழுந்தாலும் கிடைக்கும்."

எழுதியதைத் திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கதையில் இந்த இடத்தில்தான் அவர்கள் மூவரும் போய் இறங்குவதாக இருந்தது. அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. [இந்த இடத்துக்கு வந்ததும், "மற்றவை பிறகு" என்று எழுதி வைத்திருந்தேன்.]

6

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்டேன். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் அக்காவுக்கு அனுப்பி, "படிச்சிட்டு சொல்லுக்கா. உனக்குப் பிடிக்கலன்னா கிழிச்சிப் போட்டுடறேன்" என்று எழுதினேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் எப்படிப் படிப்பாள் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

என் கதைகளை எப்போதும் எப்படித் தள்ளுவாளோ அப்படியே இதையும் படிக்காமல் விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். விடுதி வர்ணனை வந்த இடத்தில் நின்றிருக்கிறாள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் பார்த்தாயிற்று. இது நான்காவது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்து அத்தானுக்கு அனுப்பியிருக்கிறாள்.

முதலில் கூப்பிட்டது அத்தான்.

"மச்சான், எங்க புடிச்ச இத? கம்பிக்கதவு லிஃப்ட் இப்பல்லாம் கண்ணுலயே பாக்க முடியாது. தரையோட தரையா நிக்குதுன்னா எவனோ ஒழுங்கா பாத்துக்கறான்னு அர்த்தம். மெதுவா போகுதுன்னு போட்டிருக்க இல்ல, அத நானே பாத்து சரி பண்ணித் தரேன்னு சொல்லு. துட்டெல்லாம் வேணாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "லீவுலயும் போய் லிஃப்ட்டுக்குள்ள படுத்துக்கங்க!" என்றது குரல். அக்கா. அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபோனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டேய், அதையே போட்டுடு. அந்த மூலை ரூம்."

"ஒண்ணா? ரெண்டு கேட்டியே அக்கா?"

"மூணு கட்டில் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு ரெண்டு?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர்தான் சொன்னார். எனக்கும் சரின்னு பட்டுது. அங்க போயி... பாக்கலாம்டா. சொல்றதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"அக்கா, அது வந்து"

"என்ன, ரூம் இல்லங்கறாங்களா?"

"இல்ல... கேட்டுட்டு சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். ஒளிப்பானேன்? வாழ்நாளெல்லாம் கதை எழுதி, கடைசியில் ஒரு பத்தியாவது யாரையாவது அசைத்ததே என்ற சந்தோஷம் பாதி. அது விடுதி வர்ணனை என்பது மீதி.

7

வாசகரே, முடிவுகள் சில தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது. நேர்மையான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அக்கா, "சரி, அப்ப ரெண்டு ரூமே போடு" என்பாள். அந்தக் குரல் எனக்கு இப்போதே கேட்கிறது. அதனால் இதை எழுதவில்லை.

அறை நிரம்பிவிட்டது என்று சொல்வது. அடுத்த மாதம் கேள் என்பாள். அடுத்த மாதமும் நிரம்பியிருக்கும். அதற்கடுத்த விடுமுறைக்கும் அப்படியே. அந்த மூலை அறை காலியாகாத வரை சுண்டெலியிடம் எதுவும் சொல்லப்படாது. காத்திருந்து காத்திருந்து அவர்களும் பிரிய மறந்துவிடலாம். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ராட்டினம் கிடைக்காது.

மூவரையும் அனுப்பிவிடுவது. சாலைத் திருப்பத்தில் பெட்டிகளோடு இறங்குவார்கள். அங்கே ஒரு டயர் கடை இருக்கும், அல்லது வெறும் மணல் இருக்கும். மூன்று பேரும் சேர்ந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அக்காவும் அத்தானும் ஒரே கட்சியில் நின்று ஒருவனைத் திட்டுவார்கள் என்றால், திட்டு வாங்க நான் தயார். [வெயிலில் நிற்கும் சுண்டெலியை எழுதிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

இரண்டாவது விடுதியின் மேலாளரைக் கூப்பிட்டு ஓர் அறையில் மூன்று கட்டில் போட முடியுமா என்று கெஞ்சியும் பார்த்தேன். "போடலாம் சார், ஆனா ராட்டினம் தெரியாது" என்றார். லிஃப்ட்டைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. மேசையில் ஃபோன் அடித்துக்கொண்டிருக்கிறது. அக்கா. அடித்து நின்று மறுபடி அடிக்கிறது. சுண்டெலி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள் என்று காலையிலேயே அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்.

நீங்கள் ஊர் ஊராகப் போயிருப்பீர்கள், எத்தனையோ அறைகளில் தங்கியிருப்பீர்கள். கடலோரத்தில் எங்காவது இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால், ஜன்னல் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, சுவரின் நிறம் எதுவானாலும் பரவாயில்லை, ஒரே சுவரை ஒட்டி மூன்று கட்டில் போட அந்த விடுதிக்காரர்கள் ஒப்புக்கொண்டால் போதும், இந்த ஃபோனை நீங்கள் எடுங்கள். "ரூம் கிடைச்சிடுச்சா?" என்று கேட்பாள்.

கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்.