ஏழு டம்ளர் பொறுமை

கலியமூர்த்தி பொறுமையைக் கற்றுக்கொண்டது கம்பெனி செலவில். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதை கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

அம்பத்தூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் செய்கிற கம்பெனி அது. அவனுக்குப் புகார்ப் பிரிவில் வேலை. மூன்று மாத வகுப்பில் பத்து டம்ளர் பொறுமை கற்றிருந்தான். காலையில் செக்யூரிட்டி ஃபிளாஸ்க்கை நீட்டுவார், குடிப்பான். சாயங்காலம் அதற்குள் நீளமாக ஒரு கொட்டாவி விடுவான், மிச்சம் இறங்கிவிடும். செலவானது விடிவதற்குள் ஊறிவிடும். "மூடியை நல்லாத் திருகுங்க சார், நேத்து ஆவியாப் போச்சு" என்பார் செக்யூரிட்டி. கலியமூர்த்தி பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரோடு சண்டை போட்டிருப்பான்.

சட்டம் தெளிவாகவே இருந்தது. முதலாளி செலவில் கற்றதை வேலைக்குப் பயன்படுத்தினால் அது பயிற்சி, வரி கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அது சம்பளத்தோடு சேர்த்தி, பத்துக்கு மூன்று வரி. பணமாக வாங்க மாட்டார்கள். டம்ளரால் மொண்டு எடுத்துக்கொள்வார்கள்.

நாலு வருஷத்தில் நாலு வீட்டுக்காரர்களோடு கத்தி, நாலு வீட்டைக் காலி செய்தவன் கலியமூர்த்தி. இது ஐந்தாவது வீடு. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஆராவமுதன் ஞாயிற்றுக்கிழமை கீழே வருவதாகச் சொல்லியிருந்தார். அவன் மனைவி வசுமதி இன்னும் மிக்ஸியைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. சட்னி அரைக்க எதிர்வீட்டுக்குத்தான் போவாள்.

"பிரிச்சா திரும்பக் கட்டணும்" என்றாள். "இந்த வீடும் போச்சுன்னா நானும் மிக்ஸியும் சேலத்துக்குப் போயிடுவோம். நீங்க ஃபிளாஸ்க்கோட குடித்தனம் பண்ணுங்க."

பொறுமையை ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக் கலியமூர்த்தி விண்ணப்பம் போட்டான். சனிக்கிழமை சாயங்காலம் வரி அதிகாரி செண்பகவல்லி வந்து, மூன்று டம்ளரை மொண்டு தன் டிபன் பாக்ஸில் ஊற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கலியமூர்த்தியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஏழு" என்று எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஆராவமுதன் இறங்கி வந்தார். சுவரைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆணி அடிச்சீங்களா?"

"இல்ல சார், அது நீங்க அடிச்சது."

"நான் அடிச்சது உங்க ஹால்ல எதுக்கு இருக்கு?"

செண்பகவல்லி இமையை இழுத்துப் பார்த்தார். "ஆறு."

"பாத்ரூம்ல என்ன அவ்வளவு தண்ணிச் சத்தம்? குளிக்கிறீங்களா, இல்ல யானை கீனை வளக்கிறீங்களா?"

"ஐந்து."

"போன வாரம் வாசல்ல ரெண்டு செருப்பு கூடுதலா இருந்துச்சே. கால் யாருது?"

அத்தையுடையது என்று சொல்லி முடிப்பதற்குள் நாலாகிவிட்டது. துணி காயப்போட்ட திசைக்கு ஒன்று, மோட்டார் போட்ட நேரத்துக்கு ஒன்று, தாளித்த வாசனை மாடிக்கு வந்ததற்கு ஒன்று. கடைசி டம்ளரும், "உங்க மூஞ்சியில ஏன் எப்பவும் எண்ணெய் வழியுது?" என்பதற்குப் போய்விட்டது. கலியமூர்த்தியின் காது சிவந்தது. நாலாவது வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன்னாலும் இப்படித்தான் சிவந்தது.

வசுமதி செண்பகவல்லியின் பக்கம் குனிந்தாள். "மேடம், ஆபீஸ் வேலைக்குச் செலவானா வரி இல்லதானே?"

"இல்லைம்மா. ஏழும் திரும்ப வரும், பிடிச்ச மூணும் திரும்ப வரும்."

வசுமதி நிமிர்ந்தாள். "மாடியில எந்தக் கம்பெனி மெஷின் சார், தண்ணிக்கு?"

"உங்க வீட்டுக்காரர் கம்பெனிதான். ஒரே கசப்பு."

"அப்ப இது ஆபீஸ் வேலைதான்" என்று செண்பகவல்லி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். பத்து டம்ளரும் அதில் இருந்தன. கலியமூர்த்தி ஒரே மூச்சில் குடித்தான். காது வெளுத்தது, குரல் வழவழவென்று மாறியது.

"எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்."

ஆராவமுதன் அவனுடைய சட்டையின் முதல் பொத்தானை அழுத்தினார். "தண்ணி கசக்குதுப்பா."

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். வேறு ஏதேனும் புகார் உண்டா?"

"இருக்கு. ஆணி இருக்கு. செருப்பு இருக்கு. தாளிக்கிற வாசனை மட்டும் வருது, குழம்பு வர்றதில்ல." சற்று யோசித்தார். "யாரும் என்கிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசுறதும் இல்ல."

"அனைத்தும் பதிவாகிவிட்டன. இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்கவும். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது."

பிறகு கலியமூர்த்தி காத்திருப்போருக்கான இசையை வாயால் வாசித்தான். இருபது நிமிஷம், அதே நாலு வரி. ஆராவமுதன் உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒப்பந்தம்" என்று வசுமதி காகிதத்தை நீட்டினாள்.

"ஷ்... லைன்ல இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, பதினொரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செண்பகவல்லி "வரி இல்லை" என்று எழுதி, காலி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் வந்தான். புகார்ச் சீட்டைப் பார்த்தான். மாடிக்குப் போய், மெஷினைத் தாண்டி நடந்து, ஆராவமுதனின் பனியனை உயர்த்தி, விலாவுக்குக் கீழே இரண்டு திருகாணியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தான். கன்னங்கரேலென்று இருந்தது.

"எத்தனை வருஷமா மாத்தல மேடம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி மாத்தினதா அவங்க அம்மா சொன்னாங்க" என்றார் ஆராவமுதனின் மனைவி.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்திடுங்க. இன்னிக்கு ஒருநாள் சத்தமாப் பேசவேணாம், முதல் ரெண்டு டம்ளர் பேச்சைக் கீழே ஊத்திடணும்."

ஆராவமுதன் வாஷ்பேசினில் குனிந்து இரண்டு டம்ளர் பேச்சைத் துப்பினார். கீழே குழாய் வழியாக, "ஆணி அடிச்சீங்களா, ஆணி அடிச்சீங்களா" என்று ஓடிப் போனது. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, வசுமதி மிக்ஸியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.