முத்துராஜாவின் ஹாட்ஸ்பாட்

பழைய மதர்போர்டு வாங்கும்போது ஃபேன் சுற்றுகிறதா, லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்துக் காசைக் கொடுக்கிறவன் கேணப்பயல். நான் முதலில் பார்ப்பது நெட் சமாச்சாரம்தான். லேன் ஒயரைச் செருகி வேகம் முழுசாக வருகிறதா பார்ப்பேன். யுஎஸ்பி ஒவ்வொன்றிலும் பென்டிரைவைக் குத்துவேன். கடைசியாக வைஃபை. ஒரு ஆள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு கடையை விட்டு நடக்க வேண்டும். திரையில் சிக்னல் கோடு எப்போது குறைகிறதென்று நான் பார்ப்பேன். தேனி பஜாரில் இத்தனை மெனக்கெடுகிறவன் இந்தச் சங்கிலி ஒருத்தன்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, போடியிலிருந்து ஜாய்ஸ் தன் புருஷனின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் முத்துராஜா ஏலக்காய் வியாபாரி, என் வாடிக்கையாளர். நாற்பது நாளைக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"இத வித்துருங்கண்ணே, பாக்கப் பாக்க வயிறு எரியுது. அன்னைக்கும் இது முன்னாலதான் உக்காந்திருந்தாக. என்னயவிட இதுதான் ஒசத்தின்னா இதையே கட்டிக்கிருங்கன்னு கத்திட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா ஆளு இல்ல. எம்மேல கோவத்தோட போனாகளா, இல்லியா? அது தெரியாம எனக்குக் கண்ணே மூட மாட்டேங்குது."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வேலையைப் பார்த்தேன். லேன் சுத்தமாக இருந்தது. யுஎஸ்பியில் ஒன்று மட்டும் செத்திருந்தது. வைஃபையைத் தட்டியதும் 'முத்துராஜா' என்று ஒரு ஹாட்ஸ்பாட் வந்து தானாகவே இணைந்துகொண்டது. நாலு கோடும் முழுசு.

"அவரு போன ஆன் பண்ணியா வச்சிருக்க?"

"அவுக போனா? அதான் பைபிளோட சேத்துப் பெட்டிக்குள்ள வச்சுட்டோமே. அது கையில இல்லாம அவுகள யாரு பாத்தா? எங்க மாமாதான் வச்சாக. ஆஃப் பண்ணணும்னு ஒருத்தருக்கும் தோணல."

போடி கல்லறையில் ஆறடி மண்ணுக்குக் கீழே கிடக்கிற போன். நாற்பது நாளாக எவன் அதற்குச் சார்ஜ் போட்டான்? என் போனில் வைஃபை தேடினேன், அந்தப் பெயரே இல்லை. போர்டுதான் கோளாறு என்று இரண்டு ஆண்டெனாவையும் கழற்றினேன். கோடு குறையவில்லை. பயந்துவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

ஜாய்ஸ் திரையைப் பார்த்துவிட்டாள். "எங்கூட வந்திருக்காகளாண்ணே?"

"கூறுகெட்டதனமாப் பேசாதம்மா!" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதானே. "சரி, இங்கன இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நட."

நடந்தாள். டீக்கடையைத் தாண்டும்போது மூன்று. மருந்துக்கடை வாசலில் இரண்டு. பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றபோது ஒற்றைக் கோடு.

"குறையுதும்மா!" என்று கத்தினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்குள்ளேயே சிரித்தாள். "எங்கூடத்தான் வாராக! கோவமில்லண்ணே, எம்மேல கோவமே இல்ல!" அதற்குள் போடி பஸ் வந்து நின்றது. "அந்தக் கம்ப்யூட்டர நீங்களே வச்சுக்கிருங்க, நான் அவுகள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தாள்.

நான் திரையைப் பார்த்தேன். பஸ் இன்னும் ஸ்டாப்பிலேயே நிற்கிறது. இரண்டு கோடு. மூன்று. யாரோ அவசரமாகத் திரும்பி நடந்து வருகிற வேகம். நாலு. என் பக்கத்தில் கிடந்த காலி ஸ்டூல் கிறீச்சிட்டது.

பஸ் கடையைத் தாண்டும்போது ஜாய்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். நாற்பது நாளாகத் தூங்காத முகம், இப்போது கல்யாணப் பெண் முகமாக இருந்தது.

"அண்ணே, கோடு போயிருச்சா? எங்கூட இருக்காகல்ல?"

நான் திரையை அவள் கண்ணில் படாமல் திருப்பி வைத்தேன்.

"உன் பக்கத்துலதாம்மா இருக்காரு. பத்திரமாப் போ."

அவள் அந்தக் காலிச் சீட்டைப் பார்த்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே போனாள். இங்கே, நான் தொடாமலே மவுஸ் நகர ஆரம்பித்தது.