வெட்டினார், வெட்டுவித்தார்

அது பங்குனியின் கடைநாளோ சித்திரையின் தலைநாளோ என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை, நூல்பல கற்றவரே, நினைவும் நம்பத்தக்கதன்று. ஆயினும், கானாடுகாத்தானின் பூட்டிய மாளிகைகள்மேல் மாலை வெயில் பழுத்துப் படிய, ஓட்டு வரிசைகள் உலர்ந்த மீன்செதில்களென மங்கி மின்ன, நீர்வற்றிய ஊருணிக் கரையில் துணி போர்த்திய வெண்கலச் சிலையொன்று திறப்புநாளை நோக்கி நின்றது மட்டும் ஐயமின்றித் தோன்றுகிறது.

சிலைக்குரிய தலைவரின் வரலாற்றை முப்பதாண்டுகளுக்கு முன் எழுதியவர் தமிழாசிரியர் செம்மலை. ‘வறட்சி ஆண்டில் இவ்வூருணியைத் தம் கையால் வெட்டினார்’ என்னும் அவரது ஒரு தொடர், நூலிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து நாடெங்கும் பிள்ளைகள் உருப்போடும் பாடநூலுக்கும் ஏறி, தலைவரைத் தொழத்தக்க திருவுருவாக்கிவிட்டது. முதற்படியில் அவர் எழுதியது ‘வெட்டுவித்தார்’ என்றே. ஓசை இடறுகிறதென்று பிறவினையைத் தன்வினையாக்கினார்; ஓசைக்குத் துணையாகத் ‘தம் கையால்’ என்பதும் வந்து சேர்ந்தது. தலைவர் மர நிழலில் நின்று பார்த்துச் சென்றவர். வெட்டியவன் இருளாண்டி, கரைமண் சரிந்து மாண்டவனும் அவனே.

அவன் மகள் ஒச்சம்மாள், கல்வெட்டு வரியையும் செம்மலையே எழுதுகிறார் என்றறிந்து வந்தாள்.

“தலைவரு வெட்டுன குழிக்குள்ள எங்கய்யா என்ன, வெத்தலை மெல்லவா போனாக? கீழ ஒரு ஓரமா அவுக பேரையும் போட்டுவிடுங்க, வாத்தியாரய்யா.”

செம்மலை, அவள் சென்றபின், ‘தலைவர் வெட்டுவித்தார்; வெட்டி மாண்டவர் இருளாண்டி’ என்றெழுதி, விழாக்குழுத் தலைவர் கார்த்திகேய சிவத்திடம் கொண்டுபோனார். அவரோ படித்துச் சிரித்து, செம்மலையின் நூலையே எடுத்து விரித்தார்.

“இங்குட்டு பாருங்க. ‘தம் கையால் வெட்டினார்’. எழுதுனது யாரு?”

“நான்தான். பொய் எழுதினேன், தம்பி.”

“வயசாச்சுல்ல, மறந்துட்டீக. பரீட்சையில இருளாண்டின்னு எழுதுனா முட்டைதான். நீங்களே எழுதுனாலும் முட்டைதான்!”

சுற்றியிருந்தோர் நகைத்தனர். செம்மலைக்குச் சினமும் எழவில்லை. தாம் வளர்த்த சொல் தம்மினும் பெரிதாகி, தம்மை அறியாததுபோல் நிற்கக் கண்டு, நுகத்தடியிலேயே கண்ணயரும் கிழமாட்டைப்போலத் தலைகவிழ்ந்து ஒச்சம்மாளிடம் மீண்டார்.

“சொல்லிப் பார்த்தேன், தாயி. கேட்கமாட்டேன் என்கிறார்கள்.”

“பொய்ய எழுதுனப்ப மட்டும் எல்லாரும் கேட்டாகளே,” என்றாள் ஒச்சம்மாள்.

சிலை திறக்கப்பட்டது, கல்லில் பழைய தொடரே பொறிக்கப்பட்டது. கார்த்திகேய சிவம் அடுத்த தேர்தலில் வென்றார். செம்மலை அதன்பின் ஒரு வரியும் எழுதாமல் ஈராண்டில் மறைந்தார். ஒச்சம்மாள் மகனோடு திருப்பூருக்குப் போய் அங்கேயே இறந்தாள். இருளாண்டி மண்ணுள் புதைந்த இடத்தைக் காட்டத்தக்கவர் இன்று அவ்வூரில் எவருமில்லை.