படையலுக்கு வந்த போர்பன்

மாமனாரின் தம்பி குரு, பாட்டில் மூடியைச் சுற்றியிருந்த மெழுகைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். வாழையிலையில் ஆட்டுக்கறிப் பிரட்டல் வைத்துக்கொண்டிருந்த மலர்விழிக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

மாமனார் ஜெயராஜுக்கு எட்டாம் நாள் படையல். மலேசியாவில் கிள்ளான் ஊர் வீட்டு ஹாலில், அவர் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த நண்டு, கறி, சிகரெட் எல்லாம் வந்துவிட்டன. போதாதென்று அலமாரி மேல்தட்டைக் குடைந்து, போர்பன் என்கிற இந்த அமெரிக்க விஸ்கியையும் குரு கண்டுபிடித்திருந்தார்.

"அண்ணன் தொடவே இல்ல, பாருங்க. பையனோட சேர்ந்து திறக்கணும்னு வெச்சிருந்திருக்காரு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஞாயிறுதோறும் அப்பனும் மகனும் விஸ்கி ருசி பார்த்து மார்க் போடுவார்கள். பதின்மூன்று மாதத்துக்கு முன் அவள் புருஷன் முகுந்தன் குடியை விட்டதும் அது நின்றது. அவன் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லி மாமாவே இந்தப் பாட்டிலை அவளிடம் கொடுத்தார். மேல்தட்டில் ஏற்றியவள் அவள்தான். தொட்டியில் ஊற்றித் தொலைத்திருக்கலாம். நல்ல சரக்காயிற்றே என்று மாமாவுக்கு மனசு வரவில்லை.

அத்தைக்குக்கூட விஷயம் தெரியாது. குடியை நிறுத்த முகுந்தன் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளை, வெளியூரில் கோர்ஸ் என்று சொல்லி மூடியிருந்தார்கள்.

கற்பூரம் காட்டிக் கும்பிட்டார்கள். படத்துக்கு முன்னால் விஸ்கி ஊற்றி வைத்திருந்த கிளாஸை எடுத்து குரு முகுந்தனிடம் நீட்டினார். படைத்ததை மூத்த மகன் வாயில் வைத்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

வயிற்றில் கேஸ்ட்ரிக் என்றான் முகுந்தன். ஒரு வாய்தான் லா என்றார்கள். காலையில் வேலை என்றான். இதுக்கெல்லாம் என்ன வேலை என்றார்கள். இருபது பேர் பசியோடு நின்றார்கள். அவன் அவளைப் பார்த்தான். மருமகள் என்ன சொல்வது? சொன்னால் அவன் மானம் இத்தனை பேர் முன்னால் போகும். அவளுக்கு எல்லோர் மேலும், செத்துப்போன மாமா மேலும்கூட, ஆத்திரமாக வந்தது.

அத்தை தனலெட்சுமி மெல்லச் சொன்னாள்.

"அப்பாவுக்காகடா, கண்ணு."

முகுந்தன் வாங்கினான். அப்பா பழக்கியபடி வாயை லேசாகத் திறந்துவைத்து முகர்ந்தான். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, மென்று விழுங்கினான்.

"முதல்ல கருகின சீனி மாதிரி இனிக்குது. அப்புறம் கிராம்பு, மிளகு. ரை தானியம் ஜாஸ்தி போட்டிருக்கான். காரம் தொண்டையிலயே நிக்குது."

எட்டு நாளாக அவன் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

குரு மார்க் கேட்டார்.

"ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும், சித்தப்பா."

அப்படியே அண்ணன்தான் என்று குரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள். கிளாஸ் மறுபடி நிறைந்தது.

மலர்விழி கையைக் கழுவிவிட்டு வந்தாள். அவன் பக்கத்தில் நின்று, அவன் பேண்ட் பையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.