டெல்மரின் முழங்கை

ஒஹாயோவில் எங்கள் ஊர் பேஸ்பால் அணி அன்று மதியம் ஒரே ஒரு ரன் முன்னிலையில் இருந்தது. கடைசிச் சுற்றை வீச மேனேஜர் ஹப்பர்ட் இருபது வயது டெல்மரை இறக்கினார். அவன் கீழ்நிலை அணியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு நாளில் அவன் பந்து வீச வருவது இது மூன்றாவது தடவை.

பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த நண்பன் ராய் சிரித்தான். "ஏன்டா மூஞ்சி வெளுத்துப் போச்சு? அவனை நம்ம டீமுக்குக் கூப்பிடு, கூப்பிடுன்னு மே மாசத்துலேருந்து கத்துனது நீதானே?"

"கூப்பிடத்தான் சொன்னேன், பிழிஞ்செடுக்கவா சொன்னேன்? கையை உதறுறான் பாருடா."

"வயசானவனுங்களை நம்பித்தான் போன வருஷம் கடைசி இடம். ஹப்பர்ட்டுக்கு வேற யாரு இருக்கா?"

முதல் இருவரை டெல்மர் சுலபமாக வெளியேற்றினான். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாமவனுக்கு வீசிய ஒவ்வொரு பந்தும் முந்தையதைவிட மெதுவாகப் போனது.

"ஹப்பர்ட், அவனை வெளிய எடுய்யா!" என்று கத்தினேன். முன்வரிசை திரும்பி முறைத்தது.

கடைசிப் பந்தில் எதிரணிக்காரன் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டான். ஜெயித்துவிட்டோம். அரங்கமே துள்ளியது. டெல்மர் மட்டும் வலது முழங்கையைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

"டேய்... மடக்க முடியலடா அவனால," என்றான் ராய்.

மறுநாள் வானொலியில் டெல்மருக்கு அறுவைச் சிகிச்சை என்றார்கள். அடுத்த வருஷமும் ஆட முடியாதாம். ராய் போன் செய்தான். பேசியதெல்லாம் டெல்மரின் முழங்கையைப் பற்றித்தான்.