ஸ்டியரிங்கை ஆட்ட ஓர் ஆள்

ஏரியில் மண் அள்ளப் போய்வந்ததிலிருந்து ஃபெலிக்ஸின் லாரி நேராக ஓடவில்லை. ஸ்டியரிங் இடமும் வலமுமாக அலைந்தது. சக்கரங்களில் காற்று சரியாகத்தான் இருந்தது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் நாளை நெடுஞ்சாலையில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஃபெலிக்ஸ் படுப்பான், மனைவி ஜெனிஷா ஆட்டுவாள். அவள் கோபித்துக்கொண்டு கொரட்டூரில் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. சேக்காட்டில் தன் தெருவிலேயே யாரையாவது கூப்பிடலாம். ஆனால் அவளைப் பற்றிக் கேட்பார்கள்.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் செங்கல்லில் சாய்த்துவைத்தான். ஏறி உட்கார்ந்து ஆட்டினான். இறங்கிவந்து, சக்கரத்தடியில் படுத்து வீடியோவைப் பார்த்தான். சக்கரங்களை இணைக்கும் கம்பியின் இடது முனை பிடிப்பில்லாமல் தனியாகக் குதித்தது.

கூடவே அவனுடைய குரலும் கேட்டது.

"இன்னாய்யா, ஆடுதா? தூங்கிட்டியா?"

ஜெனிஷா எப்போதும் மேலேயிருந்து கேட்பது. தன் வாயில் அது வந்ததே அவனுக்குத் தெரியாது.

வீடியோவை அவளுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அத்த மாத்தாம வண்டிய எடுக்காத."

இன்னொரு வரி வரும் என்று, போனைப் பார்த்தபடி சக்கரத்தடியிலேயே படுத்துக் கிடந்தான்.